சாக்கின் ஓரத்தில் தெரிந்த 786

9 ஜனவரி 2026, வெள்ளி

வண்டிக்கு எண்ணெய், தண்ணீர் பார்த்தேன். எண்ணெய்க் குச்சியில் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே; போன வெள்ளி இருந்த அதே இடம். ரேடியேட்டருக்கு அரைச் சொம்பு. முன் இடது டயர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவரிடம் சொன்னேன், "ம்" என்றார். நான்தான் காற்று அடிக்க வேண்டும் போல.

ஹஜ்ஜுக்கு எங்கள் இருவர் பெயரும் உறுதியாகிவிட்டது. மே மாதம் சென்னையிலிருந்து விமானம். இன்னும் நம்ப முடியவில்லை. போகுமுன் யாரிடமெல்லாம் மாப்புக் கேட்க வேண்டும் என்று பட்டியல் எழுத உட்கார்ந்தேன். முப்பத்தொரு பெயர் வந்தது. முதல் பெயர் மீன்காரி ஒச்சம்மா. ஒரு தடவை இறால் எடை குறைகிறது என்று ஜங்கிலிகாட் மார்க்கெட்டில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். வீட்டுக்கு வந்து நிறுத்தால் சரியாக இருந்தது. நான் திரும்பிப் போய்ச் சொல்லவில்லை.

அவர் பட்டியலில் நான்கே பெயர். "மத்தவங்ககிட்டல்லாம் நான் சண்டையே போட்டதில்ல. எல்லாம் உன்கிட்ட போட்டுத் தீத்தாச்சு" என்கிறார். அந்த நான்கில் என் பெயர் இல்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள் இத்தனை நோட்டு எழுதி என்ன கண்டாய் என்று அவர் கேலி செய்வது உண்டு. கேட்கட்டும்.

வண்டியின் பதிவு பிப்ரவரி 20-ஆம் தேதி முடிகிறது. அதையும் புதுப்பித்துவிட வேண்டும். அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகும்போது பின்னால் ஒரு காகிதம்கூட இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது.


13 ஜனவரி, செவ்வாய்

இதுவரை ஏஜென்ட் மூலம்தான் புதுப்பித்தோம். பழைய புத்தகத்தைப் பார்த்து எண்களை எழுதிக் கொடுத்துவிடுவார். இந்தத் தடவை ஏஜென்ட் வேண்டாம், எல்லாம் நேராகப் போய்ச் செய்வோம் என்று சொன்னது நான். நான்தான்.

வண்டிப் பதிவு ஆபீஸில் அதிகாரி சின்ன வயது, பெங்காலிப் பையன் மாதிரி. நல்ல மரியாதை. எங்கள் அம்பாசடரைச் சுற்றி வந்து, "வாஹ் ஆன்ட்டி, 83 மாடலா" என்று ஹிந்தியில் புகழ்ந்தான். மாமா, அதாவது அவருடைய அத்தா, மெட்ராஸில் வாங்கிக் கப்பலில் ஏற்றி, போர்ட்பிளேர் ஹாடோ துறைமுகத்தில் கிரேனால் இறக்கிய வண்டி என்று இவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் எஞ்சினில் டைனமோவுக்கு மேலே இருக்கும் சின்னத் தகட்டைத் துணியால் துடைத்தான். மேலே வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தான். எண் தாளில் எழும்பியது. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தான். மறுபடி தேய்த்தான்.

"ஆன்ட்டி, ஏ இஞ்சின் ஆப்கா நஹி ஹை."

இந்த எஞ்சின் உங்களுடையது இல்லை.

புத்தகத்தில் கடைசி மூன்று எண் 863. தாளில் 597. முன்னால் இருப்பதும் எதுவும் ஒத்து வரவில்லை. எங்கே வாங்கினீர்கள், பில் இருக்கிறதா என்று கேட்டான். இவர் என்னைப் பார்த்தார். நாற்பது வருடமாக வேறு எஞ்சின் வாங்கவே இல்லையே, என்ன சொல்வது?

எஞ்சினின் சொந்தக்காரர் யார் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதுப்பிக்க முடியாது என்றான். பிப்ரவரி 20-க்குள். அதுவரை வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

பென்சில் தேய்த்த தாள் ஒன்றை எனக்கும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.


14 ஜனவரி, புதன்

பழைய நோட்டுகளை எல்லாம் பரணிலிருந்து இறக்கினேன். கரையான் இரண்டைத் தின்றிருக்கிறது, தேவையானதைத் தொடவில்லை.

1991 நோட்டு. கல்யாணமாகி வந்த புதிது. இங்கிலீஷ் எழுத்துப் பழக வேண்டும் என்று வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்து எழுதிய காலம். பால் பவுடர் டப்பா, தீப்பெட்டி, மாமாவின் ஆர்.சி. புத்தகம். கோணல் கோணலாக எஞ்சின் நம்பர், கடைசியில் 863. ஆக ஆர்.சி. புத்தகம் சரி. எஞ்சின்தான் மாறியிருக்கிறது.

எப்போது?

2004 நோட்டு. "அக்டோபர் 11. எஞ்சினைப் பிரித்து சிலிண்டர் போர் அடித்தாயிற்று. புது பிஸ்டன் நாலு, கப்பலில் வந்தது. சத்தம் பட்டுப்போல."

பிறகு டிசம்பர் 26. அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. திருப்பினேன்.

"3 ஜனவரி 2005. ஐயாவு மேஸ்திரி ஷெட். எஞ்சின் அடையாளம் காட்டினேன்."

என் கையெழுத்து. ஒரே வரி.

யா அல்லாஹ். நானா?


17 ஜனவரி, சனி

எங்கள் மெக்கானிக் ஐயாவு மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். இப்போதும் டெய்ரிஃபார்ம் பகுதியில் அதே ஷெட்தான், தலைதான் நரைத்துவிட்டது. கடல் தண்ணீர் ஏறிய அந்த வாரம் அவர் நான்கு எஞ்சினை இறக்கி டீசலில் ஊறப்போட்டிருந்தார். உப்பு தின்பதற்குள் கழுவ வேண்டுமாம். அதில் இரண்டு அம்பாசடர். கட்டியிருந்த பெயர்ச் சீட்டெல்லாம் டீசலில் கரைந்துபோயிற்று.

அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. எனக்குத்தான் நினைவு வேண்டாமே என்றிருந்தது.

"பாய் அப்ப ஊர்லயே இல்லையேக்கா. கார் நிக்கோபார் தீவுக்கு அரிசி மூட்டையோட கப்பல்ல போயிட்டாரு. நீங்கதானே வந்து சாக்கைத் தூக்கிப் பாத்துட்டு, 'இதான் மேஸ்திரி, 786 போட்டிருக்கு'ன்னீங்க."

ஆமாம். சொன்னேன். சாக்கு மூடி வரிசையாகப் பலகைமேல் வைத்திருந்தார்கள். ஷெட் நிறைய ஆண்கள். நான் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கினேன். எஞ்சின் தலையில் போட்டிருக்கும் நீள மூடியில், டேப்பட் கவர் என்பார்கள், 786 என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. மாமா எங்கள் எஞ்சினில் எழுதிய அதே 786. பிஸ்மில்லாஹ் சொல்லிக் காட்டிவிட்டு வந்தேன்.

பிறகு மேஸ்திரி அந்த மூடிக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து மாட்டினார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் பார்க்கவில்லை.

இன்று அந்தப் பெயின்ட்டைச் சுரண்டச் சொன்னேன். தின்னரில் துணி நனைத்து மேஸ்திரி தேய்க்கத் தேய்க்க, முதலில் 786 வந்தது. "பாத்தியா, நம்மளுதுதான்!" என்றார் இவர். எனக்கும் மூச்சு வந்தது.

மேஸ்திரி கையை நிறுத்தவில்லை. 786-க்குப் பக்கத்தில் ஒரு ஓம். அதற்கும் பக்கத்தில் ஒரு சிலுவை.

மூன்றும் ஒரே வெள்ளைப் பெயின்ட், ஒரே கை.

"அட, இது நாகராஜ் வண்டி எஞ்சின் அக்கா!" என்று மேஸ்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார். "டாக்ஸி ஓட்டினாரே, சிலோன்லேருந்து வந்து கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்துல இருந்த குடும்பம். அவருதான் மூணையும் எழுதி வைப்பாரு. உங்களுக்கு மறுநாள் வந்தாரு. மிச்சம் இருந்தது ஒண்ணு. மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

நான் சாக்கை இன்னும் ஒரு முழம் தூக்கியிருந்தால் ஓம் தெரிந்திருக்கும்.

குட்வில் எஸ்டேட்டில் இருக்கும் மகள் ஷமாவிடம் போனில் சொன்னேன். "எஞ்சினுக்கெல்லாமா மறுமையில ஹிசாப் கணக்கு கேப்பாங்க, அம்மா?" என்று சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை. போர் அடித்து மூன்று மாதம்கூட ஆகாத எங்கள் எஞ்சின் அவருக்குப் போயிருக்கிறது, சரி. ஆனால் உப்புத் தண்ணீரில் ஊறிப் பிறகு அது எத்தனை நாள் ஓடியதோ. நின்றிருந்தால்? டாக்ஸிக்காரருக்கு வண்டி நின்றால் அடுப்பு நின்ற மாதிரிதானே. அவர் பொருளில் நாங்கள் இருபத்தொரு வருடம் ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்திருக்கிறோம்.


18 ஜனவரி, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன். மாமா 786 எழுதியது பச்சைப் பெயின்ட்டில். சாக்குக்கு அடியில் நான் பார்த்தது வெள்ளை. உப்புத் தண்ணீரில் நிறம் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டு நோட்டில் எண் இருந்தது. ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடம். போகவில்லை. பிள்ளைக்கு ஜுரம், ரேஷன் வரிசை, இவர் கடலில். காரணம் எல்லாம் சரிதான்.

ஆனாலும், அன்றைக்கே எனக்குத் தெரியுமா?


23 ஜனவரி, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வரச் சொன்னேன். இவர் கேட்டுவந்து சொன்னது: "அல்லாஹ்வோட ஹக்கை, அவனுக்குச் சேர வேண்டியதை, அல்லாஹ் மன்னிச்சிருவான். அடியானோட ஹக்கை அந்த அடியான்தான் மன்னிக்கணும். தெரியாம எடுத்தது ஒண்ணு. தெரிஞ்சபிறகும் வச்சிருக்கிறது வேற."

"சரி, அந்த அடியான் எங்க இருக்கான்னு யாரு தேடுறது?" என்று கேட்டார் என் அடியான்.

பட்டியலில் முப்பத்திரண்டாவது பெயர் எழுதினேன். நாகராஜ்.


27 ஜனவரி, செவ்வாய்

மேஸ்திரி டாக்ஸி ஸ்டாண்டில் விசாரித்து நம்பர் வாங்கிவிட்டார். நாகராஜ் 2006-லேயே திக்லிபூர் போய்விட்டாராம். மனைவியின் அண்ணனுக்கு அங்கே பாக்குத் தோட்டம்.

போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "யாருங்க?" போர்ட்பிளேர் ஜெய்னுலாப்தீன் பாய் வீட்டிலிருந்து, வண்டி எஞ்சின் விஷயமாக என்றேன். உடனே போனை வைத்துவிட்டாள்.


29 ஜனவரி, வியாழன்

மறுபடி போட்டேன். குரலைக் கேட்டதும் கட்.

கோபமாக இருக்கிறார்கள். இருக்கத்தானே செய்யும். உயிரோடு இருக்கிறாரா என்றுகூடக் கேட்க முடியவில்லை. இல்லையென்றால் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். ரமலானுக்கு இன்னும் மூன்று வாரம், ஆபீஸ் கெடுவும் அதே சமயம். "போன்ல முடியலன்னா நேர்ல போவோம்" என்றேன். இவர் திக்லிபூர் பஸ்ஸை நினைத்தே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.


4 பிப்ரவரி, புதன். திக்லிபூர்

விடியுமுன் பஸ். ஜிர்காடாங் கேட்டில், காட்டுப் பாதையில் வண்டிகள் கூட்டாகப் போகும் கான்வாய்க்காக நின்றது, மிடில் ஸ்ட்ரெயிட்டில் படகுக்காக நின்றது, பிறகு ரங்கத்தில் டிரைவர் சாப்பாட்டுக்காக நின்றது. லுஹரும் அஸரும் சேர்த்து, பயணத்துக்குச் சுருக்கிக் கஸ்ராக, ரங்கத்தில் தொழுதேன். இவர் வழி முழுக்க, "ஒரு தகடு நம்பருக்காக" என்று முணுமுணுத்தார். மாயாபந்தர் தாண்டியதும் தூங்கி என் தோளில் சாய்ந்தார்.

ஜமாஅத்து ஆள் வீட்டில் தங்கல். நாளைக் காலை போகிறோம். என்ன சொல்வது என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலையும் கிழித்தேன்.


5 பிப்ரவரி, வியாழன். திக்லிபூர்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் பிறகு நானே நம்ப மாட்டேன்.

வயல் ஓரம், பாக்கு மரங்களுக்கு நடுவே வீடு. முற்றத்தில் ஒரு கறுப்பு அம்பாசடர். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே போட்டாள்.

"ஏங்க! வந்துட்டாங்க!"

உள்ளேயிருந்து நாகராஜ் வந்தார். அல்ஹம்துலில்லாஹ், உயிரோடு. அறுபத்தைந்து இருக்கும், முழங்காலில் கட்டு. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். தெருவை எட்டிப் பார்த்தார்.

"போலீஸ் கூட்டிட்டு வரலியா பாய்?"

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். அவர் ஏதாவது பேசுமுன் நான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நின்றபடியே சொன்னேன். சாக்கு, 786, ஓரம், எல்லாம். "எங்க 786 பச்சை. நான் பாத்தது வெள்ளை. எனக்குச் சந்தேகம் வந்துச்சு அண்ணே. வந்தும் உங்க எஞ்சினைக் காட்டிட்டு வந்துட்டேன். இருபத்தோரு வருஷமா உங்க பொருளு எங்கிட்ட இருக்கு. மாப்புக் கேக்க வந்தோம்." இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பச்சை விஷயம் இவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

நாகராஜ் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. மனைவியைப் பார்த்தார். அவள் பெயர் பேச்சியம்மா. அவள்தான் ஆரம்பித்தாள்.

"சொல்லுங்களேன். அவங்களே வாயத் தொறந்துட்டாங்க. இன்னும் என்ன?"

"தங்கச்சி," என்றார். "எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். ஐயாவு ஷெட்டுலேருந்து எடுத்துட்டு டிலானிப்பூர் மேட்டுல ஏத்துறேன், மூணாவது கியர்லயே ஏறுது! என் வண்டி ஜென்மத்துல அந்த மேட்ட மூணாவதுல ஏறினதில்ல. ரெண்டாவது போட்டாலே இருமும். மேல போய் நிறுத்தி பானெட்டத் தொறந்தேன். பச்சையா 786 மட்டும் இருக்கு. என் ஓம் எங்க, சிலுவை எங்க? யாரோ பாய் வீட்டு எஞ்சின்னு புரிஞ்சுபோச்சு. புது பிஸ்டன் போட்ட எஞ்சின். திருப்பிக் குடுக்கணும்னுதான் ரெண்டு நாள் நெனச்சேன். மூணாம் நாள் சவாரி வந்துச்சு. அப்பறம் ஒரு நாள் உங்க வண்டி என் எஞ்சின் மாதிரியே இருமிக்கிட்டுப் போறதப் பாத்தேன், யாருதுன்னும் தெரிஞ்சுபோச்சு. அப்பறம்..."

"அப்பறம் என்ன, குடுக்கல," என்றாள் பேச்சியம்மா. "நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், குடுத்துருங்கன்னு. பஜார்ல பாயைப் பாத்தா இந்தாளு சந்துல வண்டியத் திருப்பிருவாரு. ஊரையே விட்டு வந்தோம். அன்னைக்கு போன்ல உங்க பேரைச் சொன்னீங்க பாருங்க, அடுத்தது போலீஸ்தான்னு நெனச்சேன். அதான் வச்சுட்டேன்."

நான் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபம் வருகிறதோ என்று பயந்தேன். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு.

"ஏன்யா, ஆறு வருஷம்! 2005லேருந்து 2011 வரைக்கும் உன் எஞ்சின் விட்ட புகை! நான் பள்ளிவாசலுக்கு வந்தா, கொசு மருந்து வண்டி வந்துருச்சுன்னு பிள்ளைங்க பின்னாடியே ஓடிவரும்யா! கடல் தண்ணி குடிச்ச எஞ்சின்னு நானும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்!"

"கடல் தண்ணியில்ல பாய், அது முன்னாடிலேருந்தே அப்படித்தான்," என்றார் நாகராஜ். பேச்சியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அழவும் அழுதாள்.

பிறகு கறுப்பு வண்டியின் பானெட்டைத் திறந்து காட்டினார்.

மாமாவின் கை. மாமாவின் பச்சை. 7-க்குக் கீழே அவர் எப்போதும் போடும் சின்னக் கோடுகூட அப்படியே. சுற்றிலும் சந்தனம், குங்குமம், வருடக்கணக்காகக் காய்ந்து அடை தட்டியிருக்கிறது. எண்களின்மேல் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை.

"ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் பொட்டு வைப்பேன் தங்கச்சி. உங்க எழுத்து மேல கைபடாம வைப்பேன். அதையாவது செய்யணும்ல."

பிஸ்மில்லாஹ் சொல்லித் தகட்டைத் துடைத்தேன். 863.

அதற்கு மேல்தான் சிக்கல். மாற்றிக்கொள்வோம் என்றதும் நாகராஜ் மாட்டேன் என்கிறார். எங்கள் எஞ்சினை டாக்ஸியில் இருபது வருடம் ஓட்டித் தேய்த்துவிட்டாராம். இப்போது எண்ணெயாகக் குடிக்கிறதாம். அவருடையதை நாங்கள் 2011-ல் பிரித்துப் புதிதாகச் செய்துவிட்டோம், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நான் பார்க்கிறேன், துளி குறைவதில்லை. "மறுபடியும் எனக்கே லாபமா? வேணாம் பாய். சாமி பாத்துக்கிட்டு இருக்கு. மூணும்."

இவரும் மெதுவாக, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தில் மாற்றிக்கொள்ளலாமே, அந்த ஆபீஸ் பையன் ஒத்துக்கொள்வான் என்றார். அதுதான் சுலபம். செலவும் இல்லை. நானே யோசித்துப் பார்த்தேன்.

"காகிதத்துல மாத்தினா காகிதம்தான் சரியாகும்," என்றேன். "லாபமோ நட்டமோ, அண்ணன் எஞ்சின் அண்ணன் வண்டியில இருக்கட்டும். எங்களுது எங்ககிட்ட வரட்டும். அப்பதான் நான் நிம்மதியா கஅபாவைப் பாப்பேன்."

நாகராஜ் இவரைப் பார்த்தார். இவர் கையை விரித்தார். "என்னை ஏன்யா பாக்குற? வீட்டுல எஞ்சின் டிபார்ட்மென்ட் அவதான்."

மாப்புக் கேட்டாயிற்று. கொடுத்தாயிற்று. அவரும் கேட்டார், நாங்களும் கொடுத்தோம். மதியம் பேச்சியம்மா சைவமாகவே சமைத்துப் போட்டாள். நாங்கள் என்ன சாப்பிடுவோம் என்று குழம்பி, பாவம், கோழியை விட்டுவிட்டாள்.


13 பிப்ரவரி, வெள்ளி

நாகராஜும் பேச்சியம்மாவும் கறுப்பு வண்டியிலேயே வந்து சேர்ந்தார்கள். நாலு டின் எண்ணெயோடு கிளம்பி, ஒன்றரை டின் மிச்சமாம். கான்வாயில் பின்னால் வந்த லாரிக்காரர் பேராட்டாங் வரை ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே வந்தாராம்.


15 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டு நாள் வேலை முடிந்தது. ஐயாவு மேஸ்திரி ஷெட்டின் இரும்பு உத்தரத்தில் சங்கிலிக் கப்பி கட்டி இரண்டு எஞ்சினையும் நேற்றே இறக்கிவிட்டார். நான் போனபோது இரண்டும் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வேண்டுமென்றே சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார், கிழம்.

"அக்கா, வாங்க. இந்தத் தடவையாச்சும் முழுசா பாத்துச் சொல்லுங்க. எது உங்களுது?"

ஷெட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டேன். பையிலிருந்து 1991 நோட்டை எடுத்தேன். இரண்டு சாக்கையும் முழுதாக உருவிக் கீழே போட்டேன். தகட்டில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, நோட்டோடு சேர்த்து உரக்கப் படித்தேன். எட்டு. ஆறு. மூன்று.

"இதான் மேஸ்திரி."

"பக்கா?"

"பக்கா."

சங்கிலி ஏறியது. பேச்சியம்மா அவர்கள் எஞ்சினுக்கு எலுமிச்சம்பழம் சுற்றினாள். நான் எங்களுடையதற்கு ஓத வேண்டியதை ஓதினேன். அது உள்ளே போய் உட்கார்ந்து போல்ட் முறுக்கும் வரை நான் நகரவில்லை. ஸ்டார்ட் ஆனதும் கரகரவென்று ஒரு இருமல். பிறகு புகை. மேஸ்திரி கையால் விசிறிக்கொண்டு, "அக்கா, யோசிச்சுதான் செஞ்சீங்களா?" என்றார். பிஸ்டன் மோதிரமெல்லாம் தேய்ந்துபோயிற்றாம். ஹஜ் முடிந்து வந்து பிரித்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

நாகராஜ் தன் வண்டியை டிலானிப்பூர் மேட்டுக்கு எடுத்துப் போய்த் திரும்பி வந்தார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "மூணாவதுல ஏறுது தங்கச்சி. என்னுதே ஏறுது."


17 பிப்ரவரி, செவ்வாய்

அதே பையன். அதே பென்சில். 863. நாகராஜ் வண்டிக்கும் கையோடு பார்த்துக்கொடுத்தான், 597. "ஆன்ட்டி, இவ்வளவு தூரம் யாரும் செய்ய மாட்டாங்க" என்று ஹிந்தியில் சொன்னான். முத்திரை விழுந்தது. மூன்று நாள் முன்னதாகவே.

ஆபீஸ் வாசலில் பேச்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க போய் எங்களுக்கும் கேளுங்கக்கா" என்றாள். நாகராஜின் முழங்கால் வலிக்காகவும், மகனின் வேலைக்காகவும் கேட்க வேண்டுமாம். எழுதிக்கொண்டேன். சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஜங்கிலிகாட் போய் ஒச்சம்மாவிடமும் இறால் விஷயத்தைச் சொல்லி மாப்புக் கேட்டேன். "எந்த இறாலு?" என்கிறாள். நாகராஜ் பெயரையும் அவள் பெயரையும் பட்டியலில் அடித்தேன்.


19 பிப்ரவரி, வியாழன்

முதல் நோன்பு. நன்றாகத் தூங்கினேன். ஸஹருக்கு அவர்தான் எழுப்பினார்.


27 பிப்ரவரி, வெள்ளி

வண்டிக்கு எண்ணெய், தண்ணீர் பார்த்தேன். ரேடியேட்டருக்கு அரைச் சொம்பு. எண்ணெய்க் குச்சியில் கீழ்க் கோட்டுக்கும் கீழே. போன வெள்ளிதான் நிரப்பினேன். முக்கால் லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது.

ஜும்ஆவுக்குப் போகும்போது தெருமுனையில் பிள்ளைகள், "மச்சர் காடி, மச்சர் காடி" என்று கொசு மருந்து வண்டியைத் துரத்துவதுபோல் கத்திக்கொண்டு புகைக்குள் ஓடிவந்தார்கள். இவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னை முறைத்தார்.

குடிக்கட்டும். நம்முடையதுதான் குடிக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.